முஸ்தபா விளையாட்டு: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட எந்த எமுலேட்டர்?

முதுநகர் வாசி | வெள்ளி, இரவு 9.15

பொங்கலுக்குத் தம்பி பெங்களூரிலிருந்து வருகிறான். அக்காவும் பிள்ளைகளோடு வருகிறாள். நாங்கள் மூவரும் சிறு வயதில் கடலூர் முதுநகரில் ஒரு வீடியோ கேம் கடையே கதி என்று கிடந்தவர்கள். ஒரு ரூபாய் டோக்கன். முஸ்தபா ஆடும் இயந்திரத்தின் முன்னால் மட்டும் எப்போதும் வரிசை நிற்கும். அந்த விளையாட்டின் உண்மைப் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். கடையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. தொப்பிக்காரன் முஸ்தபா ஓடிவந்து உதைப்பான், அதனால் அது முஸ்தபா.

இந்தப் பொங்கலில் மூவரும் மறுபடி அதை ஒன்றாக ஆட வேண்டும். வீட்டில் மூன்று கணினிகள் இருக்கும். என்னுடையது விண்டோஸ் 10, 4 ஜிபி நினைவகம். தம்பியுடையது எம்1 சில்லு உள்ள மேக்புக். அக்கா மகளுடையது தமிழ்நாடு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, 2 ஜிபி, இப்போது அதில் உபுண்டு லினக்ஸ் இருக்கிறது.

விண்டோஸில் மேம் என்ற எமுலேட்டரின், அதாவது பழைய கடை இயந்திரங்களைக் கணினிக்குள் ஓட்டிக்காட்டும் மென்பொருளின், புதிய பதிப்பைப் பதிவிறக்கினேன். நண்பனின் பழைய பென் டிரைவில் இருந்த விளையாட்டின் ஜிப் கோப்பை அதன் ரோம்ஸ் கோப்புறையில் போட்டேன். விளையாட்டு தொடங்கவில்லை. 'டிஎல்-1425 கோப்பு கிடைக்கவில்லை' என்று வருகிறது. ஜிப்பைப் பிரித்துப் பார்த்தேன், பெயரை மாற்றிப் பார்த்தேன், மூன்று இரவுகள் போய்விட்டன. மூன்று கணினிகளுக்கும் பொருந்தும் ஒரே எமுலேட்டர் உண்டா?

லாஸ்பேட்டை 605008 | வெள்ளி, இரவு 10.02

முதலில் ஜிப்பை பழையபடி ஆக்குங்கள். பிரிக்கவும் வேண்டாம், பெயர் மாற்றவும் வேண்டாம். மேம் அந்த ஜிப்பின் பெயரை வைத்துத்தான் எந்த விளையாட்டு என்று அடையாளம் காண்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பும் அசல் போர்டில், அதாவது கடை இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகையில், இருந்த ஒரு சில்லின் நகல்.

உங்கள் பிழைச் செய்தி மிகவும் பழகிய ஒன்று. அந்த விளையாட்டு 1993இல் கேப்காம் நிறுவனம் தன் சிபிஎஸ்-1 என்ற போர்டில் கியூசவுண்ட் ஒலிப் பகுதியைச் சேர்த்து வெளியிட்டது. அந்த ஒலிப் பகுதியின் சில்லில் எழுதப்பட்ட எண்தான் டிஎல்-1425. பழைய மேம் பதிப்புகள் அந்தச் சில்லின் வேலையை ஏறக்குறைய ஊகித்துத் தாமே செய்தன. பின்னாளில் சில்லுக்குள் இருந்த நிரலையே வெளியே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த பதிப்புகள் அந்த நிரல் அடங்கிய கியூசவுண்ட் ஜிப்பைத் தனியாகக் கேட்கின்றன. உங்கள் பென் டிரைவில் இருப்பது அதற்கு முந்தைய காலத்துத் தொகுப்பு. கோப்பில் பழுதில்லை, எமுலேட்டரிலும் பழுதில்லை. இரண்டும் வெவ்வேறு காலத்தவை.

எனவே 'எந்த எமுலேட்டர் நல்லது' என்று தொடங்காமல், 'என் கையில் உள்ள தொகுப்பு எந்தப் பதிப்புக்கு உரியது' என்று தொடங்குங்கள். இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் நான் இரண்டு ஆண்டுகள் அல்லாடினேன். உங்களுக்கு மூன்று இரவுகளோடு முடியட்டும்.

வில்லியனூர் லினக்ஸ் | வெள்ளி, இரவு 10.40

லாஸ்பேட்டைக்காரர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மேம் வந்த காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் இந்தப் பிடிவாதம் புரியும். இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரி 5 அன்று முதல் பதிப்பை வெளியிட்டார். அந்தத் திட்டத்தின் நோக்கம் அழிந்துகொண்டிருக்கும் இயந்திரங்களை உள்ளபடி ஆவணப்படுத்துவது. ஆட முடிவது அதனால் கிடைக்கும் கூடுதல் பயன். எனவே ஒரு சில்லைப் பற்றிச் சரியான தகவல் கிடைத்தால் பழைய ஊகத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். நம் பென் டிரைவில் உள்ள கோப்பு ஓடாமல் போகுமே என்று தயங்க மாட்டார்கள். இந்த நேர்மைக்காகவே எனக்கு மேம் மீது பெரும் மதிப்பு உண்டு. 2016 முதல் முழுமையாகக் கட்டற்ற மென்பொருளாகவும் ஆகிவிட்டது.

இப்போது அக்கா மகளின் மடிக்கணினி. உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் மூலம் மேம் பொதியை ஒரே வரியில் நிறுவலாம். ஆனால் உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தில் உள்ள பதிப்பு எப்போதும் சில மாதங்களோ சில ஆண்டுகளோ பின்தங்கியே இருக்கும். புதிய பதிப்பு வேண்டுமானால் ஃபிளாட்பேக் என்ற வேறொரு நிறுவல் முறை வழியாக நிறுவுங்கள்.

பல எமுலேட்டர்களை ஒரே இடத்திலிருந்து ஓட்டும் ரெட்ரோஆர்ச் என்ற செயலி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. உபுண்டு களஞ்சியத்தில் இருந்து அதை நிறுவினால், கோர்களை, அதாவது அதற்குள் ஓடும் எமுலேட்டர்களை, உள்ளிருந்தே பதிவிறக்கும் வசதி மறைக்கப்பட்டிருக்கும். பலர் 'பட்டியலில் அந்த வரியே இல்லையே' என்று தேடித் தேடிச் சோர்ந்துபோகிறார்கள். ஃபிளாட்பேக்கில் வரும் ரெட்ரோஆர்ச்சில் அந்த வசதி இருக்கிறது.

2 ஜிபி பற்றிக் கவலை வேண்டாம். அந்த விளையாட்டின் முதன்மைச் சில்லு மோட்டரோலா 68000 வகை, ஒலிக்கு ஒரு இசட்80. இன்றைய எளிய கணினிக்கும் அது பெரிய சுமை இல்லை. முப்பரிமாண விளையாட்டுகளுக்குப் போனால்தான் அந்த மடிக்கணினி திணறும்.

பழைய டோக்கன் | சனி, காலை 6.20

நான் திருப்பாதிரிப்புலியூரில் வீடியோ கேம் கடை வைத்திருந்தவன். எமுலேட்டர் பற்றி அதிகம் தெரியாது. போர்டு தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எமுலேட்டர் எதற்கு என்று என்னிடம் கேட்டால், எங்கள் ஊர்க் காற்றைத்தான் காட்டுவேன். கடலிலிருந்து வரும் உப்புக் காற்று எதையும் விடாது. ஜாய்ஸ்டிக்கின் மைக்ரோசுவிட்ச் ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும். போர்டின் ஓரத்தில் அதைத் திரை, பொத்தான்களோடு சேர்க்கும் ஜம்மா இணைப்புக்கு 56 முனைகள் இருக்கும், ஒவ்வொரு பக்கமும் 28. அதில் பச்சை பூத்துவிட்டால் திரையில் நிறம் போகும், அல்லது ஒரு பொத்தான் வேலை செய்யாது. பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்துத்தான் ஓட்டினேன்.

அசல் போர்டுகளில் இன்னொரு கேடு உண்டு. கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டில் ஒரு பேட்டரி. மறைகுறியீட்டுக்கான விசை அந்தப் பேட்டரியின் தயவில்தான் நினைவில் நிற்கும். பேட்டரி தீர்ந்தால் விசை அழியும், போர்டு செத்துவிடும். நகல் எடுப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, காசு கொடுத்து வாங்கியவனின் போர்டையும் சேர்த்துக் கொன்றது. இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கடையின் கூரை போயிற்று. இரண்டு இயந்திரங்கள் நனைந்து வீணாயின. முஸ்தபா போர்டு மட்டும் இன்னும் என் அலமாரியில் துணியில் சுற்றி இருக்கிறது. அது அசல் இல்லை, நகல் போர்டு. அப்போது எனக்கு அந்த வேறுபாடு தெரியாது, தெரிந்திருந்தாலும் அசல் வாங்கப் பணம் இருந்திருக்காது. பத்து வருடங்களாக அதை ஓட்டிப் பார்க்கவில்லை.

முதுநகர் தம்பி, உங்கள் கடை எனக்குத் தெரியும். அந்தக் கடைக்காரரும் நானும் ஒரே ஆளிடம்தான் உதிரிப் பாகம் வாங்குவோம்.

முதுநகர் வாசி | சனி, காலை 8.05

ஐயா, உங்கள் பதிவை அக்காவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். திருப்பாதிரிப்புலியூர்க் கடைக்கும் நாங்கள் வந்திருக்கிறோம். கோயிலுக்கு வந்துவிட்டு அப்படியே நழுவி வருவோம்.

லாஸ்பேட்டை அண்ணா, என் தொகுப்பு எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லாஸ்பேட்டை 605008 | சனி, காலை 8.50

மேமிலேயே வெரிஃபைரோம்ஸ் என்ற கட்டளை இருக்கிறது. அதை விளையாட்டின் குறும்பெயரோடு (ஜிப்பின் பெயர்) கொடுத்தால், எந்தக் கோப்பு சரி, எது இல்லை, எதன் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்று வரிவரியாகச் சொல்லும். உங்கள் தொகுப்பில் டிஎல்-1425 மட்டும்தான் குறை, மற்றவை எல்லாம் சரி என்று வந்தால், ரெட்ரோஆர்ச்சில் 'மேம் 2003-பிளஸ்' என்ற கோரைப் பயன்படுத்துங்கள். அது 2003 டிசம்பரில் வந்த மேம் 0.78ஐ அடிப்படையாகக் கொண்டது. அந்தச் சில்லின் நிரலைக் கேட்காது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ரெட்ரோஆர்ச் கிடைக்கிறது. எனவே ஒரே கோப்பு, ஒரே கோர், மூன்று கணினிகள். உங்கள் முதல் கேள்விக்கு என் விடை இதுதான்.

ரெட்ரோஆர்ச் வெறும் சட்டகம் என்பதை நினைவில் வையுங்கள். அடுப்பு ஒன்று, பாத்திரம் வேறு. கோர் என்பது பாத்திரம். அதைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். கோப்புறையில் உள்ள விளையாட்டுகளைத் தானே தேடச் சொன்னால் சில சமயம் விளையாட்டு பட்டியலில் வராது, ஏனெனில் அதன் தரவுத்தளத்தில் உள்ள எண்ணோடு உங்கள் கோப்பு பொருந்தியிருக்காது. பதறாதீர்கள். கோரைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கோப்பை நேரடியாகத் திறந்தால் ஓடும்.

மஞ்சக்குப்பம் சி | சனி, பகல் 11.30

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட பழைய எமுலேட்டரைப் புதிதாக நிறுவச் சொல்வது சரியான அறிவுரையா? 2003க்குப் பிறகு எத்தனை பிழைகள் திருத்தப்பட்டிருக்கின்றன! கேப்காம், நியோஜியோ போர்டுகள்தான் வேண்டும் என்றால் ஃபைனல்பர்ன் நியோ என்ற எமுலேட்டர் இருக்கிறது. இலகுவானது, இன்றும் உயிரோடு வளர்கிறது, ரெட்ரோஆர்ச்சிலும் கோராக வருகிறது. இணையத்தில் எதிரெதிரே ஆடும் ஃபைட்கேடும் இதைத்தான் பயன்படுத்துகிறது. நான் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97 ஆடுவது இதில்தான். நியோஜியோ விளையாட்டுகளுக்கு நியோஜியோ பயாஸ் (அந்தப் போர்டின் தொடக்க நிரல்) ஜிப்பும் அதே கோப்புறையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

லாஸ்பேட்டை 605008 | சனி, பகல் 12.10

ஃபைனல்பர்ன் நியோ நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் அதற்குரிய தொகுப்பு வேண்டும். புதிய மேம் தொகுப்பை ஒட்டியே அதுவும் நகர்கிறது. அவரிடம் இருப்பது பழைய தொகுப்பு. கையில் இருக்கும் சாவிக்குப் பொருந்தும் பூட்டைச் சொன்னேன்.

மஞ்சக்குப்பம் சி | சனி, பகல் 12.25

அவர் நிலைமைக்கு அது சரி. புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே பொது விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை.

நேரு வீதி | சனி, மாலை 4.15

மேக் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். எம்1 மேக்புக்கில் மேம் அந்தச் சில்லுக்கென்றே தொகுக்கப்பட்டு நேராக ஓடுகிறது. மென்பொருள் நிறுவும் கருவியான ஹோம்புரூ வைத்திருந்தால் ஒரே வரியில் நிறுவலாம். ஓப்பன்எமு என்ற மேக் எமுலேட்டர் அழகான செயலி, ஆனால் அதன் வலிமை நிண்டெண்டோ, சேகா போன்ற வீட்டுக் கருவிகளில்தான். கடை இயந்திரங்களுக்கான ஆர்கேட் பகுதி அதில் பரிசோதனை நிலையில் சேர்க்கப்பட்டது. முஸ்தபாவுக்காக அதைத் தேட வேண்டாம்.

முதல்முறை திறக்கும்போது மேக் தடுக்கலாம். முன்பு வலச் சொடுக்கில் 'திற' என்றால் போதும். மேக்ஓஎஸ் செகோயா பதிப்பிலிருந்து அந்தக் குறுக்கு வழி இல்லை. அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குப் போய் அங்கே அனுமதி கொடுக்க வேண்டும்.

அடுத்து நான் சொல்வதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மேமில் அடிக்கும் பொத்தான் கன்ட்ரோல், தாவும் பொத்தான் ஆல்ட். மேக்கில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டே அம்புக்குறியைத் தட்டினால் திரையே அடுத்த பணியிடத்துக்குத் தாவிவிடும். டைனோசார் துரத்தும்போது உங்கள் மின்னஞ்சல் வந்து நிற்கும்! விசைப்பலகைக் குறுக்குவழிகளில் அதை அணைத்துவிடுங்கள். லினக்ஸின் நோம் என்ற மேசைச் சூழலில் ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்ந்தால் சாளரப் பட்டியல் திறக்கும். விண்டோஸில் ஷிப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் கேட்கும். ரெட்ரோஆர்ச்சில் இயல்பாகவே இசட், எக்ஸ் விசைகள்தான் பொத்தான்கள், காசு போட வல ஷிப்ட், தொடங்க என்டர். இந்தத் தொல்லை அதில் குறைவு.

வில்லியனூர் லினக்ஸ் | சனி, மாலை 5.00

மூன்று பேர் ஒரே விசைப்பலகையில் ஆட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண விசைப்பலகை ஒரே நேரத்தில் சில விசைகளைத்தான் சேர்த்து உணரும். ஒருவர் தாவும்போது மற்றவர் நின்றுவிடுவார், பிறகு வீட்டில் சண்டை வரும். மூன்று யுஎஸ்பி கேம்பேட் வாங்குங்கள்.

சங்குத்துறை | சனி, இரவு 7.45

கேட்கவே தயங்கினேன், ஆனாலும் கேட்கிறேன். இந்தக் கோப்புகளை வைத்திருப்பது சட்டப்படி சரியா? என் மகன் கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை.

லாஸ்பேட்டை 605008 | சனி, இரவு 8.30

எமுலேட்டர் நிறுவுவதில் குற்றம் ஏதும் இல்லை. கோப்பு வேறு விஷயம். விளையாட்டின் பதிப்புரிமை இன்றும் அதை உருவாக்கியவர்களிடம் இருக்கிறது. கணினி நிரலை முறைப்படி வைத்திருப்பவர், அது அழிந்துபோனால் உதவ ஒரு காப்பு நகல் எடுத்துக்கொள்ள 1957ஆம் ஆண்டின் நமது பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. நண்பனின் பென் டிரைவிலிருந்து எடுப்பது அந்த விதிக்குள் வராது. இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அதனால்தான் இந்த இழையில் யாரும் கோப்பு கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

உங்கள் மகனுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. மேம் தளத்திலேயே, உரிமையாளர்கள் வணிகமற்ற பயன்பாட்டுக்கு அனுமதித்த சில விளையாட்டுகள் கிடைக்கின்றன. ராபி ரோட்டோ, கிரிட்லீ, சர்க்கஸ் போன்றவை. அவற்றை வைத்து முதலில் எமுலேட்டரை ஓட்டிப் பழகட்டும். நிறுவலில் தவறா, கோப்பில் தவறா என்று பிரித்தறியவும் அதைவிட எளிய சோதனை இல்லை.

பழைய டோக்கன் | சனி, இரவு 9.10

என் வருத்தத்தைச் சொல்கிறேன். கேப்காம் 2018இல் ஏழு அடிதடி விளையாட்டுகளைத் தொகுத்து விற்றது. ஃபைனல் ஃபைட், கேப்டன் கமாண்டோ எல்லாம் இருந்தன. முஸ்தபா இல்லை. அது ஒரு அமெரிக்கச் சித்திரக் கதையைத் தழுவியது, உரிமை பல கைகளில் இருக்கிறது. காசு கொடுக்கத் தயாராக இருக்கும் நமக்கு அதை விற்கவும் ஆளில்லை. நகல் போர்டு வாங்கி ஓட்டிய நான் சட்டம் பேசத் தகுதியற்றவன், ஆனால் அதை முறையாக விற்றால் முதல் ஆளாக நிற்பேன்.

முத்தியால்பேட்டை | ஞாயிறு, காலை 10.20

ஒரு துணைக் கேள்வி. பிரான்ஸிலிருந்து வந்த சித்தப்பா விட்டுச் சென்ற விண்டோஸ் மடிக்கணினி எங்களிடம் இருக்கிறது. பிரெஞ்சு விசைப்பலகை. எண்களுக்கு ஷிப்ட் அழுத்த வேண்டும். மேமில் காசு போட 5, தொடங்க 1 என்கிறார்கள். ஷிப்டோடு அழுத்துவதா?

நேரு வீதி | ஞாயிறு, காலை 10.45

எங்கள் வீட்டிலும் அதே விசைப்பலகைதான். புதுச்சேரியில் பாதி வீடுகளில் இருக்கும் போல! ஷிப்ட் வேண்டாம். மேம் அச்சிட்ட எழுத்தைப் பார்ப்பதில்லை, விசை இருக்கும் இடத்தைப் பார்க்கிறது. 5 அச்சிட்ட விசையை அப்படியே தட்டுங்கள், காசு விழும். இரண்டாம் ஆட்டக்காரரின் ஏ, கியூ, டபிள்யூ விசைகள்தான் இடம் மாறியிருக்கும். டேப் விசையைத் தட்டினால் வரும் பட்டியலில் உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

முதுநகர் வாசி | காணும் பொங்கலுக்கு மறுநாள், காலை 9.30

எல்லோருக்கும் நன்றி சொல்லவே வந்தேன்.

வெரிஃபைரோம்ஸ் சொன்னது: டிஎல்-1425 தவிர எல்லாம் சரி. மூன்றிலும் ரெட்ரோஆர்ச், 2003-பிளஸ் கோர். விண்டோஸில் பத்து நிமிடம். உபுண்டுவில் நான் முதலில் களஞ்சியத்திலிருந்தே நிறுவிவிட்டேன், கோர் பதிவிறக்கும் வரி இல்லை, வில்லியனூர்க்காரர் சொன்னது நினைவுக்கு வந்து நீக்கிவிட்டு ஃபிளாட்பேக்கில் நிறுவினேன். மேக்கில் தம்பியே செய்துகொண்டான்.

காணும் பொங்கல் இரவில் கூடத்துத் தொலைக்காட்சியில் மாட்டி மூவரும் அமர்ந்தோம். முஸ்தபாவை எடுப்பது யார் என்று அதே பழைய சண்டை. அக்கா எடுத்துக்கொண்டாள். முதல் இசை வந்ததும் தம்பி பேசவே இல்லை. எனக்கும் தொண்டை அடைத்தது. அக்கா மகள் எங்கள் மூவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சந்தேகம் மிச்சம். கடையில் ஆடியதைவிட எளிதாக இருக்கிறது. எமுலேட்டரில் குறையா?

பழைய டோக்கன் | அன்று, பகல் 1.15

எமுலேட்டரில் குறை இல்லை தம்பி. இயந்திரத்தின் அமைப்புகளை மாற்றும் சேவை முறைக்குள் போனால் கடினத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நான் கூட்டித்தான் வைத்திருந்தேன், உங்கள் முதுநகர்க் கடைக்காரரும் அப்படித்தான். டோக்கன் விரைவில் தீர்ந்தால்தான் வாடகை கட்ட முடிந்தது. பிள்ளைகளின் காசு அது என்று இப்போது உறுத்துகிறது.

லாஸ்பேட்டை 605008 | அன்று, பகல் 2.00

மேமில் சேவை முறைக்கு எஃப்2. ரெட்ரோஆர்ச்சில் அதே விசை ஆட்ட நிலையைச் சேமிக்கப் பயன்படுகிறது, முதலில் ஹாட்கீ பகுதியில் அதை எடுத்துவிடுங்கள்.

முதுநகர் வாசி | அன்று, பகல் 2.40

ஐயா, உறுத்த வேண்டாம். அந்தக் கடினத்தில் ஆடியதால்தான் நேற்று மூவரும் கடைசிக் கட்டம் வரை போனோம். அலமாரியில் உள்ள போர்டை ஓட்டிப் பார்க்கலாமா? தம்பி ஞாயிறு வரை இருக்கிறான்.

பழைய டோக்கன் | அன்று, மாலை 6.05

ஞாயிறு காலை வாருங்கள். 5 வோல்ட் மின்வழங்கி என்னிடம் இருக்கிறது, ஜம்மா கம்பிக் கட்டும் இருக்கிறது. நல்ல அழிரப்பர் இரண்டு வாங்கி வாருங்கள், முனைகளைத் தேய்க்க ஒரு மணி நேரமாவது ஆகும்.